ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்கம்மா!

நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சியை ஒருமுறையாவது கேட்டவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாக இருக்கும். "வணக்கம், யார் பேசுறீங்க? அம்மா, உங்க பக்கத்துல இருக்கிற ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுட்டுப் பேசுங்க." மறுமுனையில் "ஆங், இருங்க" என்று ஒரு குரல். பிறகு தெருவில் ஒரு வாரமாகத் தண்ணீர் வராததைப் பற்றியோ, கோயில் குளத்துக்கு அந்தப் பெயர் வந்த கதையைப் பற்றியோ பேச்சு தொடங்கும்.

ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்? இரைச்சல் மட்டும் காரணமில்லை. அந்த அம்மாவின் குரல் போன் வழியாக வானொலி நிலையத்துக்குப் போய்ச் சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோ ஆகிவிடும். குரலை எண்களாக மாற்றி, பொட்டலம் கட்டி, கோபுரம் கோபுரமாகக் கடத்துவதற்கு ஆகும் நேரம் அது. நிலையத்திலிருந்து அது ரேடியோ அலையாகத் திரும்பி வர நேரமே ஆகாது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போவது. 10 கிலோமீட்டரைக் கடக்க நொடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆக, அந்த அம்மா தான் சொன்ன சொல்லையே கிட்டத்தட்ட 0.2 நொடி தாமதமாக ரேடியோவில் கேட்கிறார்.

மனித மூளைக்கு இது பெரிய தொல்லை. நாம் பேசும்போது காது நம் பேச்சைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. நம் குரலே 0.2 நொடி பிந்தி வந்தால் நல்ல பேச்சாளருக்கும் நாக்கு குழறும், சொல் இழுபடும், ஓரெழுத்து இரண்டு முறை வரும். பேச்சைக் குழப்பப் பொருத்தமான தாமதம் எவ்வளவு என்று சோதித்தவர்கள் கண்டதும் ஏறக்குறைய இதே அளவுதான். முதல்முறை வானொலியில் பேசுகிறவர் திக்குவதைப் பயம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் காரணம் பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோதான். ரேடியோவில் வரும் குரல் மறுபடி போனுக்குள் புகுந்து, மறுபடி ஒலிபரப்பாகி, சுற்றிச் சுற்றி எதிரொலிப்பது இன்னொரு சிக்கல்.

நிலையத்துக்குள்ளும் இதே கவனம் வேண்டும். ஒலிகளைக் கலக்கும் மிக்சர் மேசையிலிருந்து போனில் இருப்பவருக்கு அறிவிப்பாளரின் குரலையும் பாட்டையும் அனுப்புவார்கள். அவருடைய சொந்தக் குரலை மட்டும் கழித்துவிடுவார்கள். இந்தக் கழித்தலைச் சரியாகச் செய்யாத நிலையத்தில் நேயர் எவ்வளவுதான் ரேடியோவை அணைத்தாலும் தன் குரலே காதில் மோதும்.

போன் குரல் ஏன் மெலிந்து கேட்கிறது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். பழைய தொலைபேசி முறை நொடிக்கு 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளை மட்டுமே கடத்தும். பண்பலையோ 15,000 வரை கொண்டுபோகும். 'ச' என்று சீறும் ஒலியின் உயிர் 4,000-க்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டுப் போவதால் ஃபரீதாவா சரிதாவா என்று தெரியாமல் அறிவிப்பாளர் பெயரை இரண்டு தடவை கேட்பார். இப்போதைய 4ஜி அழைப்புகளில் 7,000 வரை வருவதால் நிலைமை பரவாயில்லை. ஆனால் ஊர்ப் பெயரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிற நல்ல பழக்கம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

சரி, குரல் நிலையத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்து எப்படிக் கிளம்புகிறது?

கல்வி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சின்ன நிலையங்கள்தான் சமுதாய வானொலிகள். நம் ஊரில் இவற்றில் பலவும் 90.4 மெகாஹெர்ட்ஸில் இருக்கின்றன. அதாவது ஆன்டெனாவில் மின்சாரம் நொடிக்கு 9 கோடியே 4 லட்சம் தடவை முன்னும் பின்னும் ஓடுகிறது. இந்த ஓட்டத்தை ஊஞ்சல் போல ஆட்டி வைக்கிறது நம் குரல். சத்தமாகப் பேசினால் அலைவெண் 90.4-லிருந்து அதிக தூரம் விலகும். மெல்லப் பேசினால் கொஞ்சமாக விலகும். அதிகபட்சம் இரு பக்கமும் 75,000 அதிர்வுகள். குரல் கீச்சென்று இருந்தால் ஊஞ்சல் வேகவேகமாக ஆடும், கட்டைக் குரலென்றால் நிதானமாக ஆடும். வீட்டு ரேடியோ இந்த ஆட்டத்தை மட்டும் படித்து, குரலைத் திரும்பச் செய்துகொள்கிறது.

இதில் ஒரு அழகு உண்டு. மின்னல், மோட்டார், மிக்ஸி எல்லாம் அலையின் உயரத்தைத்தான் பெரும்பாலும் கெடுக்கும். பண்பலை ரேடியோ உயரத்தைப் பார்ப்பதே இல்லை. வந்த அலையின் தலையைச் சமமாக வெட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். குரலை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்பும் மத்திய அலையில் மழைக்காலத்தில் கேட்கும் படபடப்பு பண்பலையில் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இனி தூரம். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட டிரான்ஸ்மிட்டரின் திறன் வழக்கமாக 50 வாட். வீட்டில் சுற்றும் பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். அதைவிடக் குறைந்த சக்தியில் ஒரு ஊரே பேசிக்கொள்கிறது! 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்ததும் 40 வாட் கருவிதான். ஆன்டெனா வானத்தை நோக்கி வீணாகப் போகும் சக்தியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் 50 வாட்டே 100 வாட் போல வேலை செய்யும். அதற்கு மேல் விதி இடம் தராது. ஆன்டெனாவின் உயரமும் தரையிலிருந்து 30 மீட்டருக்குள்.

இந்த அலையின் நீளம் 3.3 மீட்டர். இவ்வளவு குட்டை அலை பூமியின் வளைவோடு வளைந்து போகாது, நேராகத்தான் ஓடும். 30 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் அடிவானம் சுமார் 20 கிலோமீட்டரில் முடிந்துவிடும். வழியில் கட்டடம், தோப்பு, குன்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ள, தெளிவாகக் கேட்பது 10 முதல் 15 கிலோமீட்டர். கைபேசியில் பண்பலை கேட்க இயர்போன் ஒயரைச் செருகச் சொல்வதும் இதே அலைநீளக் கணக்குதான். அலையை நன்றாகப் பிடிக்க அதன் நீளத்தில் கால் பங்கு ஒயர் போதும். 3.3 மீட்டரில் கால் பங்கு சுமார் 83 சென்டிமீட்டர். தொங்கும் ஒயர்தான் அங்கே ஆன்டெனா.

தூரம் குறைவாக இருப்பதால்தான் ஒரே 90.4-ஐச் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகமும் பாம்பனில் 'கடல் ஓசை' நிலையமும் வைத்துக்கொள்ள முடிகிறது. இரண்டு நிலையத்தின் அலையும் ஒரே இடத்தில் சந்தித்தாலும் பண்பலை ரேடியோ வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். பெரிய நிலையத்தைவிட இந்தச் சின்ன வட்டத்தை நான் அதிகம் விரும்புகிறேன். 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லோருக்கும் அந்தப் பேருந்து நிறுத்தம் தெரியும், அந்த ஏரி தெரியும். எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சட்டம் இங்கே வர நாளாயிற்று. கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் அலைகள் பொதுமக்களின் சொத்து என்றது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா எஃப்.எம். தொடங்கியது. 2006-இல்தான் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. 2008-இல் தெலங்கானாப் பகுதியில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ வந்தது. இன்றும் இவர்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே தரலாம். எனக்கு இது சரியென்று படவில்லை. ஆனால் தண்ணீர், மின்சாரம், தேர்வு, திருவிழா, சந்தை, வானிலை பற்றிப் பேசத் தடையில்லை. எனவே பேச்சுதான் இந்த நிலையங்களின் உயிர்.

அந்தப் பேச்சின் மதிப்பு கடல் ஓசையில் தெளிவாகத் தெரியும். 2016 முதல் மீனவர்களுக்காக நடக்கும் நிலையம் அது. கடல்நிலை முன்னறிவிப்பில் "அலை உயரம் 2 மீட்டர்" என்று வரும். எல்லா அலையும் 2 மீட்டர் என்று பொருளில்லை. அலைகளில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் கணக்கிட்ட சராசரி அது. நடுவில் ஒற்றை அலை 4 மீட்டர் வரைகூட எழும்பலாம். எண்ணை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் இதைச் சொல்ல மாட்டார். கடற்கரை வீட்டில் பிறந்து, வாடை, கொண்டல், கச்சான் என்ற காற்றுகளுக்குள் வித்தியாசம் தெரிந்தவர் மைக்கின் முன்னால் இருந்தால் எந்த வள்ளம் போகலாம், எது கரையிலேயே கிடக்கட்டும் என்று சொல்வார். கரையில் கேட்பதைவிடக் கடலில் தூரமாகவும் கேட்கும். தண்ணீர்ப் பரப்பில் ரேடியோ அலையை மறிக்கக் கட்டடமோ மரமோ இல்லை.

அதே கரையில் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த இரவைச் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்ய விலையுயர்ந்த அறை வேண்டாம். பலர் சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். அது மெல்லிய காகிதம், உச்ச ஒலிகளைக் கொஞ்சம் சிதறடிக்கும், கட்டைக் குரலின் முழக்கத்தை ஒன்றும் செய்யாது. அதைவிட இரண்டு பழைய பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைப்பது மேல். ஒலியால் அதிரும் காற்று பஞ்சுக்குள் நுழைந்து உரச, ஒலி வெப்பமாகி அடங்கிவிடும். அப்புறம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெரியவருக்கு வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.

இப்படிப் பதிவான கதையும் நேயர் பேச்சும் மறுநாள் மறுஒலிபரப்பில் வரும். அப்போது அந்த அம்மா ரேடியோவை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.