செத்த ஈஸ்ட்டும் மீனைக் காக்கும்

கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும் என்பது திருநெல்வேலிச் சீமையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப் புளிக்க வைப்பதில் முக்கியமான ஆள் சக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட். ரொட்டிக் கடை ஈஸ்ட்டும் அதுதான். கள்ளுக்குத் தடை இருந்தாலும் ஈஸ்ட்டுக்கு இல்லை. ‘புரோபயாடிக்’ (உடம்புக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்) என்ற பெயரில் இப்போது மீன் தீவனத்திலும் சேருகிறது.

அதன் பலத்தில் பாதி செல்சுவரில் இருக்கிறது. சுவரின் உட்பக்கம் பீட்டா குளுக்கன், வெளிப்பக்கம் மன்னான். இரண்டும் நீளமான சர்க்கரைத் தொடர்கள். மீன் உடம்பில் எதிர்ப்புரதம் உருவாக நாளாகும். அதுவரை காப்பது, கண்ட கிருமியை அங்கேயே விழுங்கும் வெள்ளணுக்கள். பூஞ்சைச் சுவரை அடையாளம் காணும் ஏற்பிகள் அந்த அணுக்களின் மேல் உண்டு. குளுக்கன் அதில் ஒட்டியதும் பூஞ்சை புகுந்துவிட்டது என்று உடம்பு உஷாராகிறது. விழுங்கும் வேகம் கூடும், கிருமியின் சுவரைக் கரைக்கும் லைசோசைமும் கூடும். வந்தது பொய்ச் செய்திதான். ஆனால் அந்த உஷார் நிலையில் ஏரோமோனாஸ் பாக்டீரியா நிஜமாகவே வந்தால், செதில் சிவந்து புண்ணாகும் வரை அதை விட்டுவைக்காமல் தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

மன்னானின் வேலை வேறு. சில பாக்டீரியாக்கள் குடல் சுவரிலுள்ள மானோஸ் சர்க்கரையைப் பிடித்துத்தான் குடியேறும். அதே சர்க்கரை ஈஸ்ட்டின் மேலும் இருப்பதால் ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு, கழிவோடு வெளியே போய்விடும்.

இந்த இரண்டுக்கும் ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. மிதவைத் தீவனம் செய்யும் இயந்திரத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டும். ஈஸ்ட்டோ 60 டிகிரியிலேயே செத்துவிடும். இயந்திரத்தில் போடும் முன்பே கலந்த ஈஸ்ட்டை ‘உயிருள்ளது’ என்று சொல்லி விற்றால், அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

உயிரோடு போனால் கிடைக்கும் லாபம் தனி. குடலில் இருக்கும்வரை நொதிகளையும் பி வைட்டமின்களையும் தரும். டிபாரியோமைசிஸ் ஹான்செனி என்ற இன்னொரு ஈஸ்ட் செல் வளர்ச்சிக்கு உதவும் பாலிஅமின்களைச் சுரந்து குஞ்சுகளின் குடல் முதிர உதவுகிறது. நம் குளங்களில் விடுகிற கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இரைப்பையே கிடையாது. அதனால் விழுங்கிய ஈஸ்ட் அமிலத்தில் மாட்டாமல் நேரே குடலுக்குப் போகிறது. திலேப்பியாவின் வயிற்றில் அமிலம் கடுமை, அங்கே ஒரு பகுதி செத்துப்போகலாம். இன்னொன்று: ஈஸ்ட் பூஞ்சை இனம், ஆகவே பாக்டீரியாவுக்கான மருந்து அதைக் கொல்லாது.

தண்ணீர் கெட்டிருந்தால் இதெல்லாம் எடுபடாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அது ஆக்சிஜன் குறை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆய்வுகளில் கிலோ தீவனத்துக்கு 5 முதல் 20 கிராம் வரை ஈஸ்ட் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். தவிடும் பிண்ணாக்கும் கலந்து போடுகிறவர்கள் ஆறிய கஞ்சியில் ஈஸ்ட்டைக் கரைத்துப் பிசைந்து அன்றைக்கே போட்டுவிடலாம். மாதக்கணக்கில் அதிக அளவு குளுக்கன் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி சலித்துப்போய்க் குறைவதும் உண்டு. ஆகவே சில வாரம் கொடுத்து, சில வாரம் நிறுத்திக் கொடுப்பதே நல்லது.