"குடிக்கல டாக்டர், சும்மா டேஸ்ட்தான் பண்ணேன்"

கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு கிளினிக் திறந்த முதல் வாரத்துலயே மூணு பேர், மூணு பேர் வாயிலயும் இதே டயலாக். ஆஸ்திரேலியாவுல நாங்க இருக்கற அடிலெய்ட்ல இருந்து, வைன் தயாரிச்சு ருசி பாக்கக் குடுக்கற பரோசா வேலி ஒரு மணி நேரம்தான், ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாவை அங்க கூட்டிட்டுப் போறது இங்க ஒரு சடங்காவே ஆயிடுச்சு, போங்க, அருமையான இடம், நானும் போறவன்தான். ஆனா டேஸ்ட் பண்ணா உடம்புல ஏறாதுன்னு யாருங்க சொன்னது?

கணக்கு போடுவோம். ருசி பாக்க ஊத்தற ஒரு ஊத்து சுமார் 30 மில்லி. ஒரு இடத்துல ஆறு வைன், 180 மில்லி ஆச்சா? இங்க 10 கிராம் ஆல்கஹால்தான் ஒரு ஸ்டாண்டர்ட் ட்ரிங்க், 13 சதவீத வைன்ல 100 மில்லியிலயே அது வந்துடும், பரோசாவோட சிவப்பு வைன் ஷிராஸ்னா பல பாட்டில்ல 14.5 போட்டிருக்கும். ஆக ஒரு இடத்துக்கு ரெண்டு, மூணு இடம் ஏறி இறங்கினா ஆறு! ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேணாம், வாரத்துக்கே பத்துதான்னு சொல்ற நாடு இது. சின்னச் சின்ன கிளாஸா போனதால ஈரல் ஏமாந்துடாது, மணிக்கு ஏறக்குறைய ஒண்ணுதான் அதால முடியும், நடுவுல காபி குடிச்சாலும் சரி தலைக்குத் தண்ணி ஊத்தினாலும் சரி. "வைட் வைன்தானே, லேசு"ன்னு வேற. ஹண்டர் வேலி செமியான் 11 கிட்ட இருக்கும், சரி, மார்கரெட் ரிவர் ஷார்டனே 13 தாண்டுமே, கலரைப் பாக்காம லேபிளைப் பாருங்க. ரதர்க்ளென் மஸ்கட் பாயாசம் மாதிரி இனிக்கும், 17, 18 சதவீதம்.

இப்போ அந்த மூணாவது கேஸ். 68 வயசு அப்பா, சுகருக்கு கிளிக்லசைடு. காலைல மாத்திரை போட்டாச்சு, "அங்க போய் சாப்ட்டுக்கலாம்"னு அரை தோசையோட கிளம்பியாச்சு, வெளிய 39 டிகிரி. மூணாவது இடத்துல சட்டை தொப்பலா நனைஞ்சு, மருமகள்கிட்ட சம்பந்தமே இல்லாம பேசிருக்கார், பேரப்பசங்க "தாத்தாவுக்கு ஏறிடுச்சு"ன்னு சிரிச்சு வீடியோ எடுத்திருக்காங்க, அப்புறம் கார் பின்சீட்ல ஏசி போட்டுத் தூங்க விட்டிருக்காங்க. எழுப்பினா எழுந்திருக்கல. ஆம்புலன்ஸ்ல விரல்ல குத்திப் பாத்தப்போ சுகர் 2.6, ஊர்க் கணக்குல 47, ரொம்பக் கம்மி. அது போதை இல்ல, மாத்திரையும் வெறும் வயித்துல போன வைனும் சேர்ந்து சுகரை இறக்கினது. பிழைச்சுட்டார். அந்த வீடியோவை எனக்கும் காட்டினாங்க, முழுசா பாக்க முடியல.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க வயிறு நிறைய சாப்ட்டுட்டுப் போங்க, சுகர் பாக்கற மெஷினை வீட்ல பூட்டி வெக்காம கையில வெச்சுக்கோங்க. வேர்த்து உளறினா போதைன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, முதல்ல குத்திப் பாருங்க. மெட்ரோநிடசோல்ங்கற ஆன்டிபயாடிக், ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற வார்ஃபரின் ஓடுதுன்னா என்கிட்ட கேட்டுட்டுத்தான். ஆஸ்துமாகாரங்க லேபிள்ல 220ன்னு இருக்கான்னு பாருங்க, அது வைன் கெடாம இருக்கப் போடற சல்ஃபர் டை ஆக்சைடு. கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டும் கிடையாது, பேசவே வேணாம். ஓட்டறது யாருன்னு வீட்ல இருந்து கிளம்பும்போதே முடிவு பண்ணுங்க, ஃபுல் லைசென்ஸ்னா ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், புதுசா லைசென்ஸ் வாங்கின பி ப்ளேட் பசங்களுக்கு சுத்தமா ஜீரோ.

அப்புறம் கவுன்டர்ல ஒரு வாளி இருக்கே, அது அழகுக்கு வெக்கல, துப்பறதுக்கு! வைன் செய்யறவங்களே துப்பித்தான் ருசி பாக்கறாங்க, நமக்கு மட்டும் காசு குடுத்ததைத் துப்ப மனசு வராது. துப்புங்க, தயவுசெஞ்சு. துப்பினாலும் கொஞ்சம் உள்ள போகும்தான், அதனால மாத்திரை போடற பெரியவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை சுகர் பாத்துடுங்க, நடு ராத்திரியிலயும் இறங்கும்.