பால் பைத்தான் வளர்க்க லைசன்ஸ் வேண்டுமா?

போன மாதம் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் இருக்கும் தம்பி ஒருவன் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு பால் பைத்தான் (ball python), விஷமில்லாத ஒரு மலைப்பாம்பு வகை. மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே செருகிப் பந்தாகச் சுருண்டுகொண்டது. கண் இரண்டிலும் பால் படர்ந்த மாதிரி வெளுப்பு. "நோயாண்ணே?" என்றான். "இல்லடா, தோல் உரிக்கப் போகுது" என்றேன். "சரி, லைசன்ஸ் எங்க?" என்று கேட்டதற்குத்தான் பேச்சைக் காணோம்.

விஷமில்லாத பாம்புக்கு எதற்கு லைசன்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் விஷத்தைப் பார்ப்பதில்லை. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 716) நடப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கை வீட்டில் வைத்திருக்க, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தரும் லைசன்ஸ் வேண்டும். இல்லையென்றால் அபராதமோ சிறையோ இரண்டுமோ வரலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனைகள் இன்னும் கடுமையாகிவிட்டன. சபா, சரவாக்கில் சட்டம் வேறு. வேலை மாற்றலாகி அங்கே போகிறவர்கள் பாம்பைக் கொண்டுபோகுமுன் அங்குள்ள அதிகாரிகளிடம் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. பால் பைத்தான் நம் நாட்டுப் பாம்பல்ல. கானா, டோகோ, பெனின் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) என்ற அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடுவிட்டு நாடு கொண்டுவர பெர்மிட் கட்டாயம். இங்கே அதைக் கவனிப்பது 2008ஆம் ஆண்டின் சட்டம் 686. கள்ளத்தனமாக வந்த பாம்பு என்றால், கடத்தியவனோடு விஷயம் முடியாது; கடைசியில் அதை வைத்திருப்பவர் வீட்டுக் கதவையும் தட்டும்.

அதனால் பாம்பின் நிறத்தைப் பார்க்குமுன் விற்பவரின் தாளைப் பாருங்கள். அவருக்கு விற்பனை லைசன்ஸ் இருக்கிறதா? பாம்பு இறக்குமதியா, இங்கேயே பொரித்ததா? ரசீது தருவாரா? "முதல்ல வாங்கிக்குங்க, லைசன்ஸ் அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறவரிடம் வாங்காதீர்கள். பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் முதலில் கேட்டு, என்ன தாள், என்ன கட்டணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். லைசன்ஸ் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நண்பருக்குக் கொடுத்தால் அவரும் தன் பெயரில் எடுக்க வேண்டும். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நல்ல கவனிப்பில் இந்தப் பாம்பு 20, 30 வருடம்கூட இருக்கும். சில சமயம் மாதக்கணக்கில் எலியைத் தொடாது. பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போனபின் யார் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

செம்பனைக் காட்டில் எலி தேடி வரும் மலைப்பாம்பின் கதை வேறு. அதுவும் பாதுகாக்கப்பட்டதுதான். பிடித்துச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு லைசன்ஸ் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். 999க்கு அழைத்தால் பொம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வரும்.

லைசன்ஸ் இல்லாத பாம்பு ஏற்கெனவே கையில் இருக்கிறதா? பயந்துபோய்த் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்கப் பாம்புக்கு நம் காடு ஊரல்ல. விட்டாலும் அது இன்னொரு தப்பு. தானாகவே பெர்ஹிலித்தானிடம் போய்ச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

தம்பி அன்றிரவே விற்றவருக்குப் போன் போட்டான். எண் அடைக்கப்பட்டிருந்தது.