அன்டோரா போறீங்களா? விசா ஸ்டிக்கர்ல எத்தனை என்ட்ரின்னு முதல்ல பாருங்க

கோயம்புத்தூர்ல விசா ஃபைல் போடுற வேலை எனக்கு, ஐரோப்பா கேஸ்தான் அதிகம். ஒரு டிசம்பர் மாசம் சாயங்காலம் போன் வந்துச்சு. பிரான்ஸ்ல துலூஸ்ல படிக்கிற பையனைப் பாக்கப் போன அப்பா அம்மா, நான்தான் அவங்களுக்கு ஃபைல் போட்டது. "தம்பி, பையன் அன்டோராவுக்கு பஸ் டிக்கெட் எடுத்துட்டான், மூணு மணி நேரம்தானாம், பனி பாக்கலாம்னு சொல்றான், விசா எல்லாம் ஓகேதானே?"ன்னு கேட்டார். ஸ்கேன் காப்பிய எடுத்துப் பாத்தேன். என்ட்ரி எண்ணிக்கைல 01, அதாவது ஒரே ஒரு தடவைதான் உள்ள நுழையலாம். போகாதீங்க சார்னு சொன்னேன். டிக்கெட் காசு, ஹோட்டல் காசு ரெண்டும் போச்சு, ஆனா ஊருக்கு நல்லபடியா வந்து சேந்தாங்க. ஃபைல் போடும்போது நான் கேட்டிருக்கணும், கேக்கல, அது இன்னும் உறுத்துது. அதுலேர்ந்து யார் வந்தாலும் "பக்கத்து நாடு எங்கயாவது எட்டிப் பாக்குற ஐடியா இருக்கா?"ன்னு கேக்காம விடுறதில்ல.

விஷயம் இதுதான். அன்டோரா பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல பிரனீஸ் மலைக்குள்ள இருக்குற 468 சதுர கிலோமீட்டர் நாடு. ஏர்போர்ட் கிடையாது, ரயிலும் கிடையாது, இந்த ரெண்டு நாட்டு வழியா ரோட்டுலதான் போயாகணும். அங்க செலவாகுறது யூரோதான், அதனால எல்லாரும் அதுவும் ஷெங்கன்தான் (ஒரே விசாவுல சுத்தி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளோட கூட்டு)னு நெனச்சுக்குறாங்க. ஆனா அன்டோரா ஐரோப்பிய யூனியன்லயும் இல்ல, ஷெங்கன்லயும் இல்ல. நீங்க உள்ள போனா ஷெங்கனை விட்டு வெளிய வந்ததா கணக்கு, திரும்பி வர்றது ரெண்டாவது என்ட்ரி. சிங்கிள் என்ட்ரி விசா வெச்சிருக்கவங்க மலைக்கு நடுவுல மாட்டிக்குவாங்க, வெளிய வர வேற வழியே இல்ல.

"நாங்க போனோம், யாருமே பாஸ்போர்ட் கேக்கல"ன்னு வீடியோ போடுறவங்க இருக்காங்க. நெசந்தான், பல நாள் பஸ் நிக்காமகூட போயிடும். ஆனா அங்க பொது விற்பனை வரி 4.5 சதவீதம்தான், சிகரெட்டும் மதுவும் சல்லிசா கிடைக்கும், அதனால திரும்பி வரும்போது பிரான்ஸ், ஸ்பெயின் கஸ்டம்ஸ்காரங்க வண்டிய நிறுத்திப் பாக்குறது வழக்கம். பைய பாக்குற எடத்துல பாஸ்போர்ட்டையும் கேட்டா என்ன பண்ணுவீங்க? அடுத்த விசாவுக்கே அது அடியாயிடும், தயவுசெஞ்சு அந்த ரிஸ்க் வேண்டாம். பை பத்தியும் சொல்லிடுறேன், ஒருத்தருக்கு 300 சிகரெட், ஆல்கஹால் 22 சதவீதத்துக்கு மேல உள்ள மது 1.5 லிட்டர், மத்த சாமான் 900 யூரோ வரைக்கும்தான் வரி இல்லாம கொண்டு வரலாம். வாட்ச், கேமரா வாங்குறவங்க பில்ல பத்திரமா வெச்சுக்கோங்க.

அப்ப என்ன பண்ணனும்னா, எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அந்த நாட்டுல அப்ளை பண்ணும்போதே மல்டிபிள் என்ட்ரி டிக் பண்ணுங்க, பிளான்ல அன்டோரா ஹோட்டல் புக்கிங்கும் காட்டுங்க, கவரிங் லெட்டர்ல ஒரு வரி எழுதுங்க. ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் 'மல்ட்'னு இருக்கா பாருங்க. அப்படியும் 01தான் வந்துச்சுன்னா அன்டோராவ விட்டுடுங்க. பிரான்ஸ் பக்கம் ஆக்ஸ்-லே-தெர்ம்னு வெந்நீர் ஊத்து ஊர் இருக்கு, நடு ஊர்லயே தொட்டியில காலை நனைச்சுட்டு உக்காரலாம். ஸ்பெயின் பக்கம் லா சேவ் துர்ஜெய் இருக்கு, 12ஆம் நூற்றாண்டு கதீட்ரல், அதே மலைதான்.

இன்சூரன்ஸ். விசாவுக்காக 30,000 யூரோ பாலிசி எடுக்குறோம்ல, அதுல ஏரியா 'ஷெங்கன் நாடுகள்'னு மட்டும் போட்டிருந்தா அன்டோரா அதுக்குள்ள வராது. ஏஜென்ட்கிட்ட வாயால கேட்டா "எல்லாம் கவர் ஆகும் சார்"னுதான் சொல்வாங்க, மெயில்ல எழுதி வாங்குங்க. பனிச்சறுக்கு பண்ணப் போறவங்க அதுக்கு தனி கவர் இருக்கான்னும் கேளுங்க, கிராண்ட்வாலிரா மாதிரி எடத்துல கால் முறிஞ்சா செலவு தாங்காது.

போன் இன்னொரு தலைவலி. யூனியனுக்குள்ள வேற நாட்டுக்குப் போனாலும் உள்ளூர் ரேட்டுலயே போன் பேசலாங்குற ஐரோப்பிய யூனியன் ரோமிங் விதி அங்க செல்லாது. 'யூரோப் சிம்' வாங்கியிருந்தாலும் நாடு லிஸ்ட்ல அன்டோரா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பார்டர் வர்றதுக்கு முன்னாடியே டேட்டா ரோமிங்க ஆஃப் பண்ணிடுங்க, மேப்ப முன்கூட்டியே டவுன்லோட் பண்ணிக்கோங்க. அவசரத்துக்கு 112.

சைவக்காரங்களுக்கு ஒண்ணு. அங்க ட்ரின்சாத்னு ஒரு பண்டம், முட்டைகோசும் உருளைக்கிழங்கும்னு சொல்வாங்க, கேட்டா நம்ம பொரியல் மாதிரி தோணும், ஆனா பன்னி இறைச்சி போட்டுத்தான் பண்ணுவாங்க. ஆட்சி மொழி கட்டலான், "சென்சே கார்ன்"னா கறி இல்லாமன்னு அர்த்தம், எழுதி வெச்சுக் காட்டுங்க. தக்காளி தேச்ச ரொட்டி எல்லா எடத்துலயும் கிடைக்கும், வயித்துக்கும் ஆகும்.

குளிர் காலத்துல போறவங்க கடைசி நாள் பிளான மட்டும் இறுக்கமா போடாதீங்க. பிரான்ஸ் பக்கத்து ரோடு என்வலிரா கணவாய் வழியா, 2,408 மீட்டர் உயரம், கீழ சுரங்கப் பாதை இருந்தாலும் பனிச்சரிவு, மண்சரிவுன்னு ரோட்டையே மூடிடுறதுண்டு. காலைல பஸ், சாயங்காலம் ஃபிளைட்டுன்னு வெச்சுக்காம, ஒரு ராத்திரி பார்சிலோனாலயோ துலூஸ்லயோ தங்கிட்டு மறுநாள் ஏறுங்க.