மூச்சு விடும் சில்லு

நுரையீரல் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்ப்பது பழைய வேலைதான். ஆனால் தட்டில் அவை அசையாமல் கிடக்கும். நம் உடம்பிலோ ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபட்டுத் தளர்கின்றன. அந்த அசைவு இல்லாமல் நுரையீரலைப் புரிந்துகொள்ள முடியுமா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வைஸ் ஆய்வு நிலையத்தில் டான் ஹூவும் டொனால்ட் இங்பரும் 2010இல் வெளியிட்ட நுரையீரல் சில்லு, இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது.

சில்லு ஒரு பென்டிரைவ் அளவுதான் இருக்கும். கணினிச் சில்லு செய்யும் முறையில் ஓர் அச்சைச் செதுக்கி, அதில் சிலிகோன் ரப்பரை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுக்கிறார்கள். உள்ளே மேலும் கீழுமாக இரண்டு நுண்கால்வாய்கள். நடுவே, 10 மைக்ரோமீட்டர் தடிமனில் துளைகள் நிறைந்த சவ்வு. சவ்வின் மேல்பக்கம் மனித நுரையீரலின் காற்றுப்பைச் செல்கள். அவற்றின் மேல் காற்று. கீழ்ப்பக்கம் ரத்த நாளச் செல்கள். அவற்றை உரசியபடி ரத்தத்துக்குப் பதிலான திரவம் ஓடுகிறது.

சரி, மூச்சு? கால்வாய்களுக்கு இடமும் வலமும் வெற்று அறைகள் உண்டு. அவற்றிலிருந்து காற்றை உறிஞ்சினால் ரப்பர் சுவர் வளையும். சவ்வும் செல்களும் சேர்ந்து விரியும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். இவ்வளவுதான் பொறியியல்!

காற்றுப் பக்கம் பாக்டீரியாவை விட்டபோது, கீழே ஓடிய வெள்ளணுக்கள் நின்று, துளை வழியே ஏறி வந்து அவற்றை விழுங்கின. நுண்ணோக்கியில் இதை நேராகவே பார்த்தார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 2012 ஆய்வு. இன்டர்லூக்கின்-2 ஒரு புற்றுநோய் மருந்து. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது அதன் ஆபத்தான பக்கவிளைவு. அந்த மருந்தைச் சில்லின் ரத்தப் பக்கம் செலுத்தியதும், சில நாட்களில் காற்றுக் கால்வாயில் நீர் நிரம்பியது. மூச்சு அசைவைச் சேர்த்தபோது கசிவு வெகுவாகக் கூடியது. இந்தச் சோதனையில் சில்லுக்குள் வெள்ளணு போன்ற நோயெதிர்ப்பு செல்களே இல்லை. அப்படியானால் அவை இல்லாமலும் இந்தக் கசிவு நடக்கும் என்றாகிறது. முழு விலங்கில் இதைப் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம்.

குறையும் உண்டு. இந்த ரப்பர் சில மருந்து மூலக்கூறுகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு தப்பிவிடும். அதனால்தான் இப்போது மாற்றுப் பொருட்களில் சில்லு செய்யும் வேலையும் நடக்கிறது.