பிரிதிறன் கூடும்போது அச்சு வேகம் எங்கே குறைகிறது? அளந்து அறிவோம்

தேர்வுக் காலத்தில் ஒரு கல்வி நிறுவனத்தின் அச்சு அறைக்கு என்னை அழைத்திருந்தார்கள். நிமிடத்திற்கு 90 பக்கம் என்று வாங்கிய இயந்திரம் அதில் பாதியைக்கூடத் தரவில்லை என்பதால், உருளைகளையெல்லாம் மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கே அவர்கள் வந்திருந்தார்கள். அருகில் நின்று கவனித்தேன். ஏழெட்டுத் தாள்கள் சீராக வரும். பிறகு ஓட்டம் அடங்கி, திரையில் தரவு செயலாக்கம் என்று காட்டும். சில நொடிகளில் மீண்டும் ஓடும். கோளாறு உருளையில் இல்லை. ஒரே ஒரு வரைபடம் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக யாரோ டிரைவரில் (கணினியிலிருந்து அச்சை இயக்கும் மென்பொருளில்) பிரிதிறனை 1200 டிபிஐ, அதாவது அங்குலத்திற்கு 1200 புள்ளிகள், என்று மாற்றியது அப்படியே நின்றுவிட்டிருந்தது.

600 இலிருந்து 1200 டிபிஐக்குப் போனால் வேலை இரு மடங்காகும் என்றே பலர் நினைக்கிறார்கள். நீளம், அகலம் இரண்டிலும் புள்ளிகள் கூடுவதால் அது நான்கு மடங்காகிறது. ஓர் ஏ4 பக்கத்தில் 600 டிபிஐயில் சுமார் 3.5 கோடிப் புள்ளிகள். 1200 டிபிஐயில் சுமார் 13.9 கோடி. கறுப்பு வெள்ளையில், ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று கொண்டாலும், பக்கத்திற்கு 4.4 மெகாபைட் என்பது 17.4 ஆகிறது. நான்கு வண்ணம், வண்ணத்திற்கு 8 பிட் என்றால், சுருக்குவதற்கு முன் ஒரே பக்கம் 557 மெகாபைட்டைத் தொடும். இதை நிமிடத்திற்கு 90 முறை தயாரித்துத் தர வேண்டியது கண்ட்ரோலர், அதாவது கோப்பைப் புள்ளிகளாக மாற்றும் பகுதி. அந்தப் புள்ளிகளைத் தாளில் பதிப்பது எஞ்சின்.

ஆகவே அளக்கும்போது கண்ட்ரோலரின் தாமதத்தையும் எஞ்சினின் தாமதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. ஒரே பக்கத்தை 100 பிரதிகளாக ஒருமுறையும், வெவ்வேறான 100 பக்கங்கள் கொண்ட கோப்பை ஒருமுறையும், இரண்டு பிரிதிறனிலும் அச்சிடுங்கள். பிரதிகளுக்குக் கண்ட்ரோலர் பக்கத்தை ஒருமுறை தயாரித்தால் போதும்; ஆகவே பிரதிகள் முழு வேகத்தில் ஓடி, 100 பக்கக் கோப்பு மட்டும் திணறினால் குறை கண்ட்ரோலரில். பிரதிகளும் மெதுவாகவே வந்தால் எஞ்சினே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள். லேசர் இயந்திரத்தில் வரிகளின் எண்ணிக்கை இரு மடங்காகும்போது, லேசர் கதிரை வரி வரியாகச் செலுத்தும் சுழலும் கண்ணாடி விரைந்து சுற்றவோ கதிர்களின் எண்ணிக்கை கூடவோ வழியில்லையென்றால், தாள் மெதுவாக நகர்வதைத் தவிர வேறு வழியில்லை. தாள் சுருளில் ஓடும் இங்க்ஜெட்டிலும் இதே கணக்குதான்: நிமிடத்திற்கு 150 மீட்டர் ஓட்டத்தில் 600 டிபிஐக்கு மை உமிழும் ஒவ்வொரு முனையும் நொடிக்கு ஏறத்தாழ 59,000 துளிகளை உமிழ வேண்டும், அதே முனை ஓட்டத்திசையில் 1200 டிபிஐ தர வேண்டுமென்றால் ஓட்டம் 75 மீட்டராகக் குறைய வேண்டும்.

தாளின் கனம், இருபக்க அச்சு, தாள் தட்டு எதுவும் சோதனைகளுக்கிடையே மாறக்கூடாது. தடித்த தாள் தானாகவே வேகத்தைக் குறைத்து உங்களை ஏமாற்றிவிடும். இயந்திரம் சூடேறும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த மூன்றின் நடு மதிப்பை எடுப்பது என் வழக்கம். முதல் பக்கம் வெளிவரும் நேரத்தையும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையான நேரத்தையும் தனித்தனியே குறியுங்கள். அச்சு உற்பத்தித்திறனுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 24734 தரமும் தொடக்க நேரத்தையும் தொடர் வேகத்தையும் வேறு வேறாகத்தான் கணக்கிடுகிறது. விளம்பரத் தாளில் உள்ள ஒற்றை எண்ணை மட்டும் நம்பி இயந்திரம் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கோப்பை எடுத்துச்சென்று, உங்களுக்குத் தேவையான பிரிதிறனில், உங்கள் கண்முன் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

அந்த அச்சு அறையில் ஒரே வினாத்தாளை இரண்டு பிரிதிறனிலும் எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் அருகருகே வைத்தோம். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி கால் மில்லிமீட்டர் அகலம் என்றால், 600 டிபிஐயில் அதன் குறுக்கே ஆறு அச்சுப் புள்ளிகள் அமைகின்றன. அது வட்டமாகத் தெரிய அதுவே போதும். வெறுங்கண்ணால் பார்த்த ஆசிரியர்களால் இரண்டு தாள்களையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரைபடம் உள்ள பக்கத்தை மட்டும் தனிக் கோப்பாக்கி 1200 டிபிஐயில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை 600 க்கு மாற்றினோம். உருளைகளுக்கான கொள்முதல் கடிதத்தை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.