பனிமேல் விழும் பூச்சியும் ஒரு குருவியின் வாய்க்குள் இருக்கும் பையும்

மரமே வளராத பனிமலை உச்சியில் குருவி எதைக் கொடுத்துக் குஞ்சு வளர்க்கும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 3,000 மீட்டருக்கு மேல், பாறை இடுக்கில் கூடு கட்டும் சாம்பல் தலை ரோஸி ஃபிஞ்ச்சைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சிட்டுக்குருவியை விடச் சற்றே பெரிய பறவை. பழுப்பு உடம்பு, இறக்கையிலும் வயிற்றிலும் ரோஜா நிறம்.

குளிருக்கு அடர்ந்த இறகு இருக்கிறது. பசிக்கு விதை உண்டு. ஆனால் குஞ்சுக்குப் பூச்சி வேண்டுமே? வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி வீசும். தாழ்வான இடங்களில் பறக்கும் பூச்சிகள் அதில் சிக்கி உச்சிக்கு வந்து, குளிரில் விறைத்துப் பனிமேல் விழும். வெள்ளைப் பரப்பில் கறுப்புப் புள்ளிகள். ஓடாது, ஒளியாது, ஃப்ரிட்ஜில் வைத்ததுபோல் கெடவும் கெடாது. குருவி நடந்துகொண்டே பொறுக்கும்.

சரி, கூடு எங்கோ தொலைவில் இருக்கிறது. பூச்சிக்கு ஒரு நடை போனால் கட்டுப்படியாகுமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வருகிறது. வாயின் அடித்தளத்தில், நாக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு திறப்பு. அதற்குக் கீழே தொண்டைப் பக்கமாக இறங்கும் தோல் பை. பிடித்த இரை உணவுக்குழாய்க்குள் போகாமல் இந்தப் பைக்குள் ஒதுங்கிவிடும்; அலகு காலியாகவே இருப்பதால் அடுத்த பூச்சியை உடனே கொத்தலாம். ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு, அதுவும் குஞ்சு வளர்க்கும் காலத்தில் மட்டும்! வேலை முடிந்ததும் பை சுருங்கிவிடும்.

இந்த மலையில் ஏரிகளும் உண்டு. அவற்றில் வளர்ந்து, கூட்டமாக இறக்கை முளைத்துக் கிளம்பும் மேஃபிளை என்னும் பூச்சியும் இந்தக் குருவிகளுக்கு நல்ல தீனி. ஆனால் மீனே இல்லாதிருந்த அந்த ஏரிகளில், தூண்டில் போடுபவர்களுக்காக டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். பின்னாளில் விமானத்திலிருந்தே கொட்டினார்கள். மேஃபிளையின் இளம்பூச்சிகளை மீன் தின்று தீர்த்தது. 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், மீன் இல்லாத ஏரிகளின் பக்கம் ஏறக்குறைய ஆறு மடங்கு அதிக ஃபிஞ்ச்கள் தென்பட்டன.

ஏரிக்கரையில் உட்கார்ந்து குருவி எண்ணுவதற்கா பணம் என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. என்னைக் கேட்டால் அதற்குத்தான் முதலில் தர வேண்டும். தண்ணீரில் விட்ட மீன் பாறை உச்சியில் இருக்கும் குஞ்சின் தீனியைப் பறிக்கும் என்பது வேறு எப்படித் தெரியவரும்? இதே மலையில் உள்ள செக்கோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் தவளைகளைக் காப்பாற்றுவதற்காக 2001 முதல் சில ஏரிகளிலிருந்து மீனை அகற்றி வருகிறார்கள். மீன் போன ஏரிகளில் தவளையோடு மேஃபிளையும் திரும்பி வருகிறது.